பத்தாயிரம் அரக்கர்கள்

மாயலோகச் சித்திரக்கதையின் ஏழாம் பாகத்துக்கு நிலோஃபர் வழக்கம்போல எழுதினாள்: ‘பத்தாயிரம் அரக்கர்கள் மலையிறங்கி வந்தார்கள்.’

முன்பெல்லாம் இப்படி எழுதியதும் ஓவியன் ஜெரோமிடமிருந்து போன் வரும். “பத்தாயிரத்தையும் உங்கப்பனா வந்து வரைவான்? புழுதியப் போட்டு மறைச்சிடறேன், போ.” ஆறு பாகங்களிலும் படைகளெல்லாம் புழுதிக்குள்தான் வந்தன.

ஜெரோம் இறந்தபின், அவன் கைவண்ணத்தைக் கற்றுக்கொண்ட இயந்திரம் வரைகிறது. டீ ஆறுவதற்குள் பக்கம் வந்துவிட்டது. பத்தாயிரம் அரக்கர்கள், ஆளுக்கொரு முகம். கோடுகள் அச்சு அசல் ஜெரோமுடையவை. ‘இன்னும் சேர்க்கவா?’ என்று பணிவாகக் கேட்டிருந்தது.

நிலோஃபர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தான் எழுதிய வரியை அழித்துவிட்டு, ‘ஒரே புழுதி, யாரும் தெரியவில்லை’ என்று எழுதி அனுப்பினாள்.

இயந்திரம் மறுக்கவில்லை. புழுதியையும் ஒவ்வொரு துகளாக வரைந்து அனுப்பியது.