வாயில் ஒரு கிளிப்

வாயைத் திறக்கக் கூடாது. பத்தே நிமிடம்.

அவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பதினோரு வருடமாக ஒன்றாம் வகுப்பு டீச்சர். கேள்வி கேட்டே பழகிப்போன வாய்.

மொட்டைமாடியில் வெயில் தாழ்ந்து காற்று வந்திருந்தது. மகன் செந்தூரன் குப்புறப் படுத்து, துணி மாட்டும் கிளிப்புகளைத் தரையில் ஒரே வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். மூன்றரை வயது. டாக்டர் ஆட்டிசம் என்று சொல்லி நாலு மாதம் ஆகிறது.

அவன் நிமிரவில்லை. அம்மா என்று ஒருத்தி பக்கத்தில் இருப்பது இவனுக்குத் தெரியுமா?

பேச்சு மெல்ல வரட்டும். ஒரே ஒரு தடவை என்னைத் தேடி வந்தால் போதும்.

செந்தூரன் போகும் பயிற்சி மையத்து அல்போன்சா போன வாரம், இவர்கள் வீட்டில் விளையாடிய வீடியோவைப் போட்டுக் காட்டினாள்.

“அஞ்சு நிமிஷத்துல நாப்பத்தோரு கேள்வி, டீச்சர். புள்ளைக்குப் பரீட்சை வெச்சிருக்கீங்க. பத்து நிமிஷம் வாயத் தொறக்காம சும்மா பக்கத்துல உக்காந்து, அவன் செய்றதையே நீங்களும் செய்யுங்க.”

நாற்பத்தொன்றா! அவள் முகம் செத்துப்போனது. வீட்டுக்காரர் வேறு சிரித்துத் தொலைத்தார்.

சரி. அவளும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவன் வரிசைக்கு ஒரு சாண் தள்ளி அவளுக்கென்று ஒரு வரிசை.

மஞ்சள். நீலம். மறுபடி மஞ்சள்.

இது என்ன கலர்டா கண்ணு?

சனியன் பிடித்த நாக்கு! நுனிவரை வந்துவிட்டது. துணி காயப்போடும்போது செய்வதுபோல, ஒரு சிவப்பு கிளிப்பை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டாள்.

இரண்டு வரிசையும் நீண்டன. அவளுக்குக் கால் மரத்துப்போனது.

கிளிப் கூடை காலியானது.

அவன் கை கூடையைத் துழாவியது. இனி அழப்போகிறான் என்று நினைத்தாள்.

அழவில்லை. நிமிர்ந்தான். பார்த்தான். அவளை இல்லை, வாயிலிருந்த கிளிப்பைத்தான். அது அவளுக்குத் தெரியாதா என்ன?

தவழ்ந்து வந்தான். அவள் முழங்காலில் கை ஊன்றி, உதட்டிலிருந்து மெதுவாக உருவினான்.

தன் வரிசைக்குக் கொண்டுபோகவில்லை. அவள் வரிசையின் கடைசியில் வைத்தான். கோணலாக இருந்ததை விரலால் நேராக்கினான். பிறகு அங்கேயே உட்கார்ந்து அவளைப் பார்த்தான்.

இம்முறை அவளைத்தான்.

வாயில் கிளிப் இல்லை. நாற்பத்தோரு கேள்வியும் முட்டிக்கொண்டு நின்றன. கண்தான் நிறைந்தது.

எழுந்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் பள்ளிக்கூடத்துச் சேலையிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். சேலை பறந்து பக்கத்து வீட்டு மாடியில் விழுந்தது.

விழட்டும்.

அவன் அதை வாங்கி வைத்துவிட்டு, மறுபடியும் கை நீட்டினான்.

கொடியில் இன்னும் ஏழெட்டுத் துணிகள் இருந்தன.