கண்ணாடி ஓரத்து மஞ்சள் விளக்கு

மருமகள் வாங்கிய புதுக் காரை நான் ஓட்டுகிறேன். இடப்பக்கத்து இருக்கையில் சம்பந்தி. நாற்பது வருடமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவன் என்று இப்போதுதான் அவரிடம் சொல்லி முடித்திருக்கிறேன். மழை விட்ட சாலையில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. இடப்பக்கம் திரும்ப சிக்னல் போடுகிறேன். உடனே இடது கண்ணாடியின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு விளக்கு மின்னுகிறது. உள்ளே ஏதோ கீச் கீச்சென்று கத்துகிறது. கண்ணாடியைப் பார்க்கிறேன். ஈரச் சாலை மட்டும்தான், யாரும் இல்லை. “என்ன சம்பந்தி, வண்டி உங்களையே அதட்டுது?” என்று என் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். எனக்குக் காது சுடுகிறது. “புதுசில்ல, கொஞ்சம் வாய் ஜாஸ்தி” என்கிறேன். பெண் கொடுத்தவர் முன்னால் ஒரு விளக்கு எனக்குப் புத்தி சொல்வதா? ஸ்டீயரிங்கை ஒடிக்கிறேன். சத்தம் இன்னும் பலமாகிறது. என்னை அறியாமல் கால் பிரேக்கில் பதிகிறது. சம்பந்தியின் கதவை உரசுவதுபோல் ஒரு ஸ்கூட்டர் முன்னால் வருகிறது. ஓட்டும் பெண்ணுக்குப் பின்னால், பாதி கடித்த பிஸ்கட்டோடு ஒரு குழந்தை என்னையே பார்க்கிறது. காலியாக இருந்த கண்ணாடியிலிருந்து இவர்கள் எப்படி வந்தார்கள்? மறுபடியும் பார்க்கிறேன், அதே ஈரச் சாலை. கண்ணாடிக்குத் தெரியாத மூலையில் வந்தவர்களை அந்த மஞ்சள் விளக்கு மட்டும் பார்த்திருக்கிறது. அந்தப் பெண் கையைத் தூக்கி எனக்கு நன்றி காட்டிவிட்டுப் போகிறாள். “நின்னு வழி விட்டீங்க பாருங்க, பெரிய மனுஷன்னா இப்படித்தான் இருக்கணும்” என்கிறார் சம்பந்தி. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். ஆமாம் என்பதா, இல்லை என்பதா? தலையை மட்டும் ஆட்டிவைக்கிறேன். பிரேக்கிலிருந்து கால் எழ மறுக்கிறது.