ரூனாவின் ஒரு காது

‘இடப்பக்கம் திரும்பு’ என்று உரக்க வாசித்தேன். தாளில் ‘வலப்பக்கம்’ என்று இருந்தது.

கண் மங்கவில்லை, வாய் குழறவுமில்லை. தெரிந்தேதான் வாசித்தேன்.

ரூனாவின் முதுகில் உட்கார்ந்திருந்தவள் இம்கே. அதை உட்கார்ந்திருந்தாள் என்று சொல்வதே பெரிய வார்த்தை. ஓர் உருளைக்கிழங்கு மூட்டையைச் சேணத்தில் வைத்துக் கட்டியிருந்தால் இதைவிட நிமிர்ந்து இருந்திருக்கும்.

மழலையர் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறவள். முப்பத்தைந்து வயதில் திடீரென்று ஆசை வந்து எங்கள் சங்கத்தில் குதிரையேறச் சேர்ந்தாள். கற்றுக்கொடுத்தது நான். முதுகை நிமிர்த்து, முழங்கையை ஒட்டு, நீ என்ன சலவைத்துணியா தொங்குவதற்கு என்று கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம்.

ரூனாவோ லேசுப்பட்டவள் இல்லை. உலகத்தில் உள்ள ஒவ்வொன்றைப் பற்றியும் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. நீலக் கம்பம் வைத்த தடையைத் தாண்ட மாட்டாள். குடை பிடித்த ஆளைக் கண்டால் பின்னோக்கியே நடப்பாள். மணிச் சத்தம் ஆகவே ஆகாது.

அவளை நான்கு வருடம் பழக்கியவள் நான். போன கோடையில், வெர்டன் மைதானத்தில், சங்கமே பார்த்துக்கொண்டிருக்க என்னை மூன்று தடவை மண்ணில் தள்ளினாள். மூன்றாம் தடவை எழுந்ததும் சாட்டையை ஓங்கினேன். யார்தான் ஓங்க மாட்டார்கள்? ஆனால் அவளுக்குச் சொந்தக்காரரான லூர்ஸ் கிழவருக்கு அது பொறுக்கவில்லை. கடிவாளத்தை என் கையிலிருந்து வாங்கி, போயும் போயும் இம்கேயிடம் கொடுத்தார்.

கூடவே ஒரு வருடக் கெடுவும் கொடுத்தார். இன்றைய போட்டியில் இம்கே ஒரு பரிசு ரிப்பன்கூட வாங்காவிட்டால் ரூனா திரும்ப என்னிடம் வந்துவிடுவாள்.

காலையில் தடை தாண்டல். பூச்சட்டி அடுக்கிய தடையின் முன்னால் ரூனா நின்றாள், பூவை முகர்ந்தாள், இரண்டாம் முறை போனால் போகிறது என்று தாண்டினாள். பத்துக்கு ஆறு புள்ளி ஒன்று. மதியம் டிரஸ்ஸாஜில் ஏழு வாங்கினால் கடைசிப் பச்சை ரிப்பனாவது கிடைக்கும். குறைந்தால் ஒன்றுமில்லை.

டிரஸ்ஸாஜில் தாண்டுவதற்கு எதுவும் கிடையாது. ஓரத்தில் எழுத்துப் பலகைகள் நட்ட மைதானத்தில், எந்தப் பலகையில் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று தாளில் இருக்கும். அந்தத் தாளை வெளியே நின்று ஒருவர் உரக்க வாசிக்க, கேட்டுக்கொண்டே குதிரையை ஓட்டலாம். எங்களைப் போன்ற சின்னப் போட்டிகளில் பாதிப் பேர் அப்படித்தான்.

இம்கே என்னிடம் வந்து, வாசிக்க முடியுமா என்று கேட்டாள். ஒரு பக்கத் தாளை மனப்பாடம் பண்ண வக்கில்லை, இவளுக்குக் குதிரை ஒரு கேடு என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாக என்றேன்.

ஒரே ஒரு தப்புத் திருப்பம் போதும். நடுவர் மணி அடிப்பார், மதிப்பெண் குறையும், மணிச் சத்தத்துக்கு ரூனா முன்னங்காலைத் தூக்குவாள். மிச்சத்தை அவளே பார்த்துக்கொள்வாள்.

இப்போது ரூனா மைதானத்தின் நடுக்கோட்டில் நேராக, நடுவரின் மேசையை நோக்கித் துள்ளுநடையில் போய்க்கொண்டிருந்தாள். என் ‘இடப்பக்கம்’ மைதானம் முழுக்கக் கேட்டது.

இம்கே வலப்பக்கம் திரும்பினாள்.

கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. மணி அடிக்கவில்லை. ரூனாவின் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பி, திரும்பியபடியே நின்றது.

இன்னொரு பொய் வாசிக்க எனக்குத் துணிவில்லை. மிச்சத்தை உள்ளபடி வாசித்தேன். குடை பிடித்த ஒருத்தரைக்கூட ரூனா அன்று மன்னித்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவரும் ஓட்டி முடித்ததும் நடுவர் மைக்கில் எல்லாருக்கும் கேட்கும்படி கருத்துச் சொல்வார். இன்று அந்த அம்மாள் ஏழு புள்ளி இரண்டு என்றார். குதிரையிடம் அபூர்வமான அமைதி, அதன் ஒரு காது கடைசிவரை வாசித்தவர் குரலிலேயே இருந்தது என்றார். பிறகு, வாசித்தவர் ஓரிடத்தில் தவறாக வாசித்தார், ஓட்டியவர் தவறவில்லை என்றார்.

சாசேஜ் கடை வரிசையில் யாரோ சிரித்தார்கள். லூர்ஸ் கிழவர் சிரிக்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இம்கே முகமெல்லாம் பல்லாக வெளியே வந்து இறங்கினாள். கள்ளி, எனக்குப் பொறி வைத்திருக்கிறாள் என்று நான் கறுவிக்கொண்டிருந்தேன். அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். பிறகு இரண்டு காதிலிருந்தும் பஞ்சுருண்டைகளைப் பிடுங்கி எடுத்தாள்.

“உங்க குரல் கேட்டாத்தான் ரூனா அடங்குறா, உல்ரிகே. ஆனா அதே குரலைக் கேட்டா எனக்குக் கையெல்லாம் நடுங்குது. அதான் தாளை நெட்டுருப் போட்டுட்டு, காதுல பஞ்சை வெச்சுக்கிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

ரூனா என் சட்டைப்பையில் கேரட் இருக்கிறதா என்று மூக்கை விட்டுத் தேடினாள். இருந்தது. நான்கு வருடப் பழக்கம், இன்னும் விடவில்லை.

“மைக்ல என்ன சொன்னாங்க? எனக்கு ஒண்ணும் சரியா கேக்கல.”

ஏழு புள்ளி இரண்டு என்றேன். ரூனாவின் காதைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார்கள் என்றேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்கும் ஒரு சாசேஜ் வாங்கி வருவதாகச் சொல்லி, கடிவாளத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

வரிசையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் காது நன்றாகக் கேட்கும்.