சகோதரி நகரங்கள்

"சார், நான் இன்னும் கேள்வியையே முடிக்கலை!" என்றார் நூலகர்.

"பதில் தெரிஞ்சவனுக்கு முழுக் கேள்வி எதுக்கு?" மணியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார் வங்கி மேலாளர். "பாரிஸ்னு ஆரம்பிச்சீங்க. விடை ரோம். பாரிஸுக்கு ஒரே ஒரு சகோதரி நகரம்தான்."

சரியான விடைதான். நூலகத்தின் மாடி அரங்கில் கைதட்டல் எழுந்தது.

எங்கெங்கோ இருக்கும் இரண்டு நகரங்கள், 'இனி நாம் உறவு' என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அவை சகோதரி நகரங்கள். குடும்ப வினாடி வினாவின் கடைசிச் சுற்றுக்கு நூலகர் எடுத்த தலைப்பு அது. அணிக்கு இருவர், இருவரும் உறவாக இருக்க வேண்டும். ஜெயிப்பவர்களுக்கு ஒரு பயண நிறுவனம் இரண்டு விமான டிக்கெட் தருகிறது.

மற்ற அணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ள, மேடையில் மிஞ்சியவை இரண்டே மேசைகள். ஒன்றில் மேலாளரும், அவரைவிட வயதில் மிகவும் சிறியவளான அவர் மனைவியும். மற்றதில் ஓர் அக்காவும் தங்கையும். "என்ன உறவு?" என்று வாசலில் கேட்டபோது, "இவங்க எனக்கு அக்கா" என்று இளையவள் சிரித்தாள். மூத்தவள் தையற்கடை வைத்திருந்தாள். இளையவளுக்கு மருந்துக்கடையில் வேலை. முகஜாடை துளியும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒருத்தி ஆரம்பித்த பேச்சை மற்றவள் முடித்துவைத்தாள்.

"அடுத்த கேள்வி மேலாளர் அணிக்கு. ஜெர்மனியின் கொலோன், துருக்கியில் எந்த நகரத்துக்குச் சகோதரி?"

"இஸ்தான்புல்லுங்க" என்று கணவர் காதோரம் முணுமுணுத்தாள் மனைவி.

"உனக்கு என்ன தெரியும்? சும்மா இரு." மைக்கில் கணீரென்று சொன்னார் மேலாளர்: "அங்காரா."

"தவறு. அடுத்த அணி?"

"இஸ்தான்புல்" என்றாள் மூத்தவள். "ஆனா அந்தப் பொண்ணு முதல்லயே சொல்லிட்டா சார். எங்க காதுல விழுந்துச்சு. மார்க்கை அவளுக்கே குடுத்துடுங்க."

அரங்கமே கலகலத்தது. விதியில் அதற்கு இடமில்லை என்று நூலகர் தயங்கினார். மேலாளரின் மனைவி அப்போதுதான் தலையை நிமிர்த்தி எதிர் மேசையைப் பார்த்தாள். மேலாளர் முகம் மட்டும் கடுகடுவென்றிருந்தது.

"சார், எனக்கு ஒரு ஆட்சேபம்!" எழுந்தேவிட்டார். "இந்த அணி செல்லாது. இவங்க ரெண்டு பேரும்..."

"சொல்லுங்க" என்றாள் மூத்தவள் நிதானமாக. "எங்களைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் மைக்லயே சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோற்கப் போகிறவரின் புலம்பல் என்று நினைத்து, நூலகரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

சூட்டைத் தணிக்க மூத்தவளிடம் பேச்சுக் கொடுத்தார். "இவ்வளவையும் எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?"

"வீட்டுக்காரருக்கு வினாடி வினான்னா உசிரு சார். சோறு போடும்போதுகூட கேள்விதான். தெரியலைன்னா அன்னைக்குப் பூரா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார். வேற வழியில்லாம மனப்பாடம் ஆயிடுச்சு."

"உங்க தங்கைக்கு?"

"அவளும் அதே பள்ளிக்கூடம்தான்."

இரு அணியும் சமநிலையில் இருந்தன. கடைசிக் கேள்வி, யார் வேண்டுமானாலும் மணி அடிக்கலாம். இளையவளின் கை மணியை நோக்கி நகர, மூத்தவள் அதை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"பொறுடி. அவரே அடிப்பார்."

"சான் பிரான்சிஸ்கோவுக்குச் சகோதரி நகரங்கள் பல. அவற்றில்..."

டிங்! "சிட்னி!" என்றார் மேலாளர். மனைவி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"அவற்றில், அறுபது ஆண்டுகள் உறவாக இருந்துவிட்டு, பிறகு அந்த உறவை முறித்துக்கொண்ட நகரம் எது என்பதுதான் கேள்வி, சார்."

எதிர் மேசையில் இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்: "ஒசாகா!"

"அற்புதம்!"

"உறவு முறிஞ்ச கதைன்னா எங்களுக்கு அத்துப்படி சார்" என்று இளையவள் சொல்ல, கைதட்டல் கூரையைத் தூக்கியது.

பரிசு கொடுத்து முடிந்ததும் கூட்டம் கலைந்தது. "வா, போகலாம்" என்று திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார் மேலாளர்.

"நீங்க போங்க. நான் வரேன்" என்றாள் மனைவி. அவள் குரல் முழுதாக ஒலித்தது அந்த மாலையில் அதுவே முதல் தடவை. நேராக எதிர் மேசைக்கு வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தாலும் உதட்டில் சிரிப்பு இருந்தது.

"அக்கா, அடுத்த வருஷம் உங்க அணியில என்னையும் சேத்துக்குவீங்களா?"

மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த நூலகருக்குச் சங்கடமாகப் போயிற்று. "அம்மா, மூணு பேர்னு வேணா விதியை மாத்திடலாம். ஆனா இது சொந்தக்காரங்க போட்டி. கூடப் பிறந்த அக்கா தங்கச்சிக்கு நடுவுல நீங்க எப்படி?"

கீழே கார் ஹாரன் பொறுமையிழந்து அலறியது. மூத்தவள் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டாள்.

"நாங்க கூடப் பிறந்தவங்க இல்ல சார். கீழே ஹாரன் அடிக்கிறாரே, அவருக்கு முதல் மனைவியா இருந்தவ நான், ரெண்டாவது இவ, இந்தப் பொண்ணு மூணாவது."