பெயரில்லாத சீட்டு

வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் ஜெப விண்ணப்பச் சீட்டுகளைத் தங்கபுஷ்பம் அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்துச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். சீட்டில் பெயர் எழுத வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் ரூபாவதி எழுதிப் பெட்டியில் போட்டிருந்தாள்: "எடை குறைய இரைப்பை ஆபரேஷன் செய்தும் பதினோரு கிலோ திரும்ப ஏறிவிட்டது. டாக்டரிடம் மறுபடி போக வெட்கமாக இருக்கிறது. வியாழக்கிழமை துணைக்கு ஒருவர் வேண்டும்." அந்தச் சபையில் அப்படியோர் ஆபரேஷன் செய்துகொண்டவள் தான் ஒருத்திதான் என்பது போட்ட பிறகே உறைத்தது. போன வருஷம் இதே இடத்தில் நின்று, பழைய சுடிதாரை விரித்துக் காட்டிச் சாட்சி சொன்னவள் அவள். "இதுல ஒரு குடும்பமே குடியிருக்கலாம் போலிருக்கே" என்று யாரோ சொல்ல, சபையே அவளோடு சேர்ந்து சிரித்தது.

அக்கா நீலத் தாளைப் பிரித்தார். அது அவளுடையது. வாசிக்கத் திறந்த வாய் அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் ஒரு சீட்டையும் அவர் வாசிக்காமல் விட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். பின்வரிசையில் ரூபாவதி பாயின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என் சீட்டு" என்றார் அக்கா. "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகணும். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. யாரு வாரீங்க?"

"உங்களுக்கு என்னக்கா செய்யுது?" என்றாள் முன்னால் இருந்த பெண்.

"அத டாக்டர்ட்ட சொல்லிக்கிடுதேன்."

மூன்று கைகள் உயர்ந்தன. அக்கா அவற்றைப் பார்க்காதவர்போலத் தாளை மடித்து பைபிளுக்குள் வைத்தார். பிறகும் காத்திருந்தார். பின்வரிசையில் இன்னொரு கை பாதி வரை எழுந்தது.

"ரூபா வாரா" என்றார் அக்கா. அடுத்த சீட்டை எடுத்தார்.