கடைசிப் பைன் முளை

பத்மாசினி போத்தல் மூடியில் வைத்த கையை எடுக்காமல் இருக்கிறாள். போரால் பாதை மூடியபின் மலைநாட்டிலிருந்து பைன் விதை வருவதில்லை. போத்தல்களில் அவள் வளர்த்தவற்றுள் ஒரு முளைதான் மிஞ்சியிருக்கிறது. அதனருகிலும் பூஞ்சணம் படர்கிறது. சுத்தமான போத்தலுக்கு இப்போதே மாற்றவேண்டும். காற்றிலுள்ள கிருமி விழாதபடி, மாற்றும்வரை பக்கத்தில் சுவாலை எரியவேண்டும். விளக்குக்கான ஸ்பிரிட் ஆஸ்பத்திரியிலுள்ள காயக்காரருக்குப் போய்விட்டது. விளக்கில் இருப்பது பனஞ்சாராயம். “குடிச்சவன்ரை குடலை எரிக்குமாம். உது திரியையே எரிக்குதில்லை, அக்கா,” என்கிறான் தம்பி பஞ்சலிங்கம். “கதையாதை. உன்ரை மூச்சும் படக்கூடாது.” நீலச் சுவாலை மெல்ல நிமிர்கிறது. அவள் இரண்டு போத்தல்களையும் திறந்து, இடுக்கியால் முளையைத் தூக்குகிறாள். மேலே குண்டுபோடும் பொம்மர் விமானம் இரைகிறது. யன்னல் அதிர, சுவாலை அணைகிறது. இடுக்கி நுனியில் பச்சை ஊசியிலைகள் நடுங்குகின்றன. பங்கர்க் குழிக்குள் ஓடிப் பதுங்குவோம் என்று தம்பி கையால் காட்டுகிறான், வாயைத் திறக்கவில்லை.