தேனீக்கள் ஏற்காத சேதி

வீட்டுச் சாவியால் தேன்கூட்டை மூன்று தரம் தட்டினாள் கெசியா.

"ஜேபஸ் அண்ணன் திரும்பி வந்துட்டான்" என்றாள்.

உள்ளே சத்தமே இல்லை.

இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் சாவோ, கல்யாணமோ, எதுவானாலும் தேனீக்களிடம் சொல்லிவிட வேண்டும். நிஜமென்றால் ரீங்காரம் எழும். பொய்யென்றால் கூடு மூச்சே விடாது.

ஜேபஸின் கப்பல் மூழ்கிய சேதி வந்த அன்று, இதே கூட்டில் சொல்லிக் கறுப்புத் துணி கட்டியவள் அவள்தான். அன்று தேனீக்கள் வெகுநேரம் முனகின.

அன்றிலிருந்து அம்மா ரொட்டியைத் தொடவில்லை. தேய்ந்து தேய்ந்து படுக்கையோடு ஒட்டிப்போனாள். கண்ணில் வேறு புரை.

போன ஞாயிறு, தாடி வைத்த ஒருவன் வாசலில் நின்று, தான்தான் ஜேபஸ் என்றான்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். சூப் கேட்டாள். மறுநாள் அடுப்படிக்கே போய்விட்டாள்.

முகம் கொஞ்சம் வேறுதான். கடல் காற்று யாரைத்தான் மாற்றவில்லை? பூனையைப் புதைத்த இடம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அண்ணன் அவளை 'அழுமூஞ்சி' என்று கூப்பிடுவதுகூடத் தெரிந்திருந்தது.

இன்னொரு தரம் தட்டினாள்.

அமைதி.

முதுகுக்குப் பின்னால் பூட்ஸ் சத்தம்.

"தட்டித் தட்டிச் சாவியத் தேய்க்காத தங்கச்சி. அதுங்க ஏமாறாது."

சட்டென்று திரும்பினாள். சாவி அவள் கையில் கத்திபோல நீட்டிக்கொண்டிருந்தது.

அவன் அசையவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினான்.

"என் பேரு சைலஸ். ஜேபஸ்கூடக் கப்பல்ல இருந்தேன். செத்தவன், தெனம் ராத்திரி சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து என் கட்டில்ல உக்கார்றான். 'எல்லாம் நான் சொல்லித் தர்றேன், போய் எங்கம்மாவச் சாப்பிட வை'ங்கறான். தூங்கவே விடமாட்டேங்கறான்."

கரையிறங்கியபின் தன் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒரு கூச்சல் போதும். பக்கத்துப் பண்ணை ஆட்கள் ஓடிவந்து இவனைக் கட்டி இழுத்துப் போவார்கள்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். அப்புறம் எடுக்கவே மாட்டாள்.

கெசியா கூட்டின் பக்கம் திரும்பினாள். மெதுவாகத் தட்டினாள்.

"நம்ம வீட்டுக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்கார். பேரு சைலஸ்."

ரீங்காரம் எழுந்தது. கூடே அதிர்ந்தது.

கறுப்புத் துணியை அவள் அவிழ்க்கவில்லை.

"தேனீக்கு மட்டும்தான் சைலஸ். அம்மாவுக்கு நீங்க ஜேபஸ்தான். உளறித் தொலைச்சிடாதீங்க."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையசைத்தான்.

ஆப்பிள் தோப்பின் மறுகோடியில் சமையலறை ஜன்னல் திறந்தது. அம்மாவின் குரலில் பழைய தெம்பு.

"அடியே கெசியா, சூப் ஆறுது பாரு! சைலஸையும் கூட்டிட்டு வா. ஜேபஸ் அப்பவே வந்து உக்காந்துட்டான்!"